ஆராய்ச்சியை நிறுக்கும் தராசு

சர்வகலாசாலை மானியக் கமிஷன் 2025-ம் வருஷம் பிப்ரவரி மாதம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நம்பத்தக்க ஆராய்ச்சிப் பத்திரிகைகள் இவை என்று 2019 முதல் ‘கேர்’ என்ற பெயரால் தான் நடத்திவந்த ஜாபிதாவைக் கைவிட்டுவிட்டதாகவும், இனி ஒவ்வொரு கல்வி ஸ்தாபனமும் தன் ஆசிரியர்களும் மாணவர்களும் எழுதும் பத்திரிகைகளின் தரத்தைத் தானே நிர்ணயித்துக்கொள்ள வேண்டும் என்றும் கமிஷன் தெரிவித்தது. வழிகாட்டியாகச் சில அளவுகோல்களையும் சேர்த்துக்கொடுத்தது. செய்தித் தலைப்புகளில் பெரிதாக அடிபடாமல் போய்விட்ட இந்த அறிவிப்பு, நம் நாட்டுச் சமூக சாஸ்திர ஆராய்ச்சியின் கதியையே மாற்றக்கூடியது. ஆகவே, அதைப்பற்றி நிதானமாகச் சிந்திப்பது அவசியமாகிறது.

இது பேராசிரியர்களின் வீட்டு விவகாரம், நமக்கென்ன என்று வாசகர்கள் ஒதுக்கிவிடலாகாது. ஒரு ஜில்லாவில் கூலி ஏறியதா, இறங்கியதா. குத்தகைதாரன் நிலத்தில் நிலைத்தானா, வெளியேற்றப்பட்டானா. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகள் எந்த ஜாதியினர், எந்தத் தொழிலுக்குப் போயினர் என்பவை சர்க்கார் கச்சேரிகளிலிருந்து மட்டும் தெரிந்துவிடுவதில்லை. யாரோ ஒருவர் ஊர் ஊராகச் சென்று, வீடு வீடாக விசாரித்து, கணக்கெடுத்து எழுதவேண்டியிருக்கிறது. அவ்வாறு எழுதப்படுவது முதலில் அச்சேறுவது அந்தந்தப் பிரதேசத்துச் சமூக சாஸ்திரப் பத்திரிகைகளில்தான். மால்கம் ஆதிசேஷையா 1971-ல் சென்னையில் நிறுவிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் 1996 முதல் நடத்திவரும் ஆங்கிலப் பத்திரிகை இவ்வகையைச் சேர்ந்தது. அத்தகைய பத்திரிகைகள் வாடினால், நம் மக்களைப்பற்றி நாமே அறிந்துகொள்ளும் வழி அடைபட்டுவிடும்.

இனி, தரத்தை நிர்ணயிப்பது எங்ஙனம்? ஜாபிதா போய்விட்டதால், நிர்வாகிகளின் கண் இயல்பாகவே எண்களின் மேல் செல்லும். அவ்வெண்களுள் முதன்மையானது மேற்கோள் கணக்கு. ஒரு கட்டுரையைப் பின்னால் வந்த கட்டுரைகள் எத்தனை முறை எடுத்துக்காட்டின என்று எண்ணுவதே அது. அமெரிக்காவைச் சேர்ந்த யூஜீன் கார்பீல்டு 1955-ல் இந்த யோசனையை வெளியிட்டார். 1960-களில் இயற்கை சாஸ்திரங்களுக்கும், 1973-ல் சமூக சாஸ்திரங்களுக்கும் மேற்கோள் அட்டவணைகள் அவருடைய ஸ்தாபனத்திலிருந்து வெளிவந்தன. ஆராய்ச்சியாளன் தனக்கு வேண்டிய கட்டுரைகளைத் தேடிக்கொள்ளவும், நூலகத்தார் எந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டலாம் என்று தீர்மானிக்கவும் ஏற்பட்ட கருவி அது. அந்த வேலைக்கு அது மிகவும் நல்ல கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால், நாளடைவில் அதுவே மனிதரின் தகுதியை அளக்கும் கோலாக மாறிற்று. உத்தியோகம், பதவி உயர்வு, கல்லூரிகளின் வரிசை எண் ஆகிய எல்லாம் அதனால் தீர்மானிக்கப்படலாயின. மத்திய சர்க்கார் 2016 முதல் வெளியிட்டுவரும் தேசியத் தரவரிசையிலும் பிரசுரங்களின் தொகையும் மேற்கோள்களின் தொகையும் மார்க்குகளாகச் சேருகின்றன.

‘இம்பாக்ட் பாக்டர்’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் தாக்க எண்ணின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஒரு பத்திரிகை முந்திய இரண்டு வருஷங்களில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த வருஷத்தில் எத்தனை முறை எடுத்துக்காட்டப்பட்டன என்று எண்ணி, அதைக் கட்டுரைகளின் தொகையால் வகுப்பார்கள். வருஷத்துக்குப் பத்துக் கட்டுரை வெளியிடும் சிறு பத்திரிகை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு வருஷத்தின் இருபது கட்டுரைகளுக்குப் பத்து மேற்கோள் கிடைத்தால் எண் 0.5 ஆகும். ஒரே ஒரு கட்டுரை ஏதோ காரணத்தால் மேலும் பத்து முறை எடுத்துக்காட்டப்பட்டுவிட்டால் எண் 1.0 ஆகிவிடும். மற்றப் பத்தொன்பது கட்டுரைகளின் தரத்தில் ஓர் அணுவும் மாறவில்லை. ஆயினும் பத்திரிகையின் ‘தரம்’ இரட்டித்துவிட்டது! அடுத்த வருஷம் அந்த ஒரு கட்டுரை கணக்கிலிருந்து கழிந்தவுடன் மதிப்பு பழைய நிலைக்கு இறங்கிவிடும். இப்படி ஒரே கல்லில் ஏறி இறங்கும் தராசை நம்பிக் கடைக்காரன்கூட வியாபாரம் செய்யமாட்டான்.

இரண்டு வருஷம் என்ற கெடுவும் ஆராயத்தக்கது. வைத்திய சாஸ்திரத்திலும் உயிரியலிலும் புதிய கண்டுபிடிப்பு உடனே கைமாறுகிறது. சில மாதங்களில் பழையதாகியும் விடுகிறது. சமூக சாஸ்திரத்தின் இயல்பு வேறு. சென்னைச் சர்வகலாசாலையின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தம் மாணவர்களைக் கொண்டு தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றை ஆராய்ந்தார். அந்த அறிக்கைகள் 1918-ல் நூலாக வந்தன. அதே கிராமங்களைத் தாமஸும் ராமகிருஷ்ணனும் மீண்டும் ஆராய்ந்து 1940-ல் நூல் வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றான, தற்போதைய விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்த இருவேல்பட்டைப்பற்றிக் குகனும் மென்ச்சரும் எழுதிய மறு ஆய்வு 1983-ல் பம்பாயின் ‘எகனாமிக் அண்டு பொலிடிக்கல் வீக்லி’யில் வந்தது. 1916 முதல் 2008 வரை அவ்வூரில் நிலமும் உழைப்பும் ஜாதி அரசியலும் மாறிய வரலாறு அதே பத்திரிகையில் 2010-ல் அச்சேறியது. ஒரு மாணவன் 1916-ல் குறித்துவைத்த கணக்கு தொண்ணூறு வருஷத்துக்குப் பிறகும் அடிப்படையாகப் பயன்படுகிறது. இரண்டு வருஷக் கெடுவுக்குள் அதற்கு எத்தனை மேற்கோள் வந்தது என்று கேட்டால், அந்தக் கேள்வியே பொருளற்றது.

மூன்றாவது குறை நமக்கு மிக நெருங்கியது. உலகத்தில் இன்று செல்வாக்குடைய மேற்கோள் அட்டவணைகள் இரண்டும் அந்நியக் கம்பெனிகளின் உடைமை. ஒன்று கிளாரிவேட் என்ற கம்பெனியுடையது. மற்றது ஹாலந்து தேசத்து எல்ஸ்வியர் கம்பெனி 2004-ல் தொடங்கிய ஸ்கோபஸ். எல்ஸ்வியர் தானே ஆயிரக்கணக்கான பத்திரிகைகளை விற்கும் கம்பெனியுமாகும். சரக்கு விற்பவனே படிக்கல்லையும் வைத்திருக்கிறான். இவ்வட்டவணைகளில் இடம்பெற்றவற்றுள் மிகப் பெரும்பான்மை ஆங்கிலப் பத்திரிகைகளே. நா. வானமாமலை 1969-ல் தொடங்கித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நடத்திய ‘ஆராய்ச்சி’ என்ற பத்திரிகையை எண்ணிப்பாருங்கள். நாட்டார் கதைப்பாடல்களையும் சமூக வரலாற்றையும் சாஸ்திரீய நோக்குடன் தமிழிலேயே ஆராயும் ஒரு தலைமுறையை அது உருவாக்கிற்று. தமிழ்நாட்டின் நாட்டாரியலைப்பற்றி எழுதப் புகுபவர் எவரும் அதைத் தாண்டிச் செல்ல முடியாது. ஆனால், தமிழில் எழுதப்பட்ட கட்டுரையைத் தமிழில் எழுதப்பட்ட மற்றொரு கட்டுரை எடுத்துக்காட்டினால், அந்த எடுத்துக்காட்டு இந்தப் பேரேடுகளில் பற்று வைக்கப்படுவதில்லை. ஏட்டில் வராத வரவு வரவாகாது என்பதுதானே கணக்கன் தீர்ப்பு?

இதன் விளைவு ஆராய்ச்சியின் போக்கிலேயே தெரிகிறது. எண்ணுக்காக எழுதுபவன், எண்ணைக் கொடுக்கும் பத்திரிகை எதை விரும்புகிறது என்று பார்க்கிறான். காவிரிப் பாசனத்தில் மடைக்காவல் முறை எவ்வாறு சிதைந்தது என்று ஓர் இளைஞன் எழுதினால், வெளிநாட்டுப் பத்திரிகையின் ஆசிரியர் குழு முதலில் கேட்பது, “உலக வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது?” என்பதே. அவன் தன் ஊர்ச் செய்தியைச் சுருக்கி, மேனாட்டார் கொள்கை ஒன்றை முன்னே நிறுத்தி, ஊரைப் பின்னே தள்ளுகிறான். அல்லது வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறான். மடைக்காவல் சிதைந்த கதை எழுதப்படாமலே நின்றுவிடுகிறது. மடை திறக்கும் ஊரார்க்கும் பாசன இலாகாவுக்கும் பயன்படக்கூடியது அக்கதைதான்.

இவ்வளவும் சொன்னபின், எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையுடன் கேட்கவேண்டும். “அளவே வேண்டாம் என்றால் சிபாரிசும் சொந்தமும் அல்லவா ஆளும்?” என்று அவர்கள் கேட்கிறார்கள். இதில் உண்மை உண்டு. பணத்தை வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலிப் பத்திரிகைகள் நம் தேசத்தில் மலிந்துவிட்டன. மானியக் கமிஷன் தானே அங்கீகரித்திருந்த ஜாபிதாவிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 பத்திரிகைகளை நீக்க நேர்ந்தது. ஆசிரியர் உத்தியோகத்துக்கும் டாக்டர் பட்டத்துக்கும் இத்தனை கட்டுரை வேண்டும் என்று விதித்ததால் விளைந்த களைகள் அவை. பட்டத்துக்குமுன் கட்டுரை பிரசுரித்தே தீரவேண்டும் என்ற நிபந்தனையைக் கமிஷன் 2022-ல் தளர்த்தியது. ஆயினும் களை முற்றிலும் அழிந்ததாகச் சொல்லமுடியாது. நம் பிரதேசப் பத்திரிகைகளிலும் குற்றம் இல்லாமல் இல்லை. குறித்த மாதத்தில் வெளிவராமல் இரண்டு மூன்று இதழ்களைச் சேர்த்து வெளியிடுவது, வெளியார் மதிப்பீடு இன்றி நண்பர் கட்டுரையை ஏற்பது, ஆதார நூல்களை ஒழுங்காகக் குறிக்காதது, பழைய இதழ்களைப் பாதுகாக்காதது ஆகியவை பல இடங்களிலும் காணப்படும் குறைகள். தமிழ்க் கட்டுரையை எழுதும் தமிழரே மற்றொரு தமிழ்க் கட்டுரையின் பெயரைக் குறிக்காமல் அதன் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. நம்மவர் உழைப்பை நாமே குறிக்காதபோது, அந்நியன் குறிக்கவில்லை என்று குறைகூற நமக்கு வாயேது?

ஆகவே, அளவை ஒழிப்பதல்ல பரிகாரம். தகுந்த அளவை நாமே அமைத்துக்கொள்வதுதான். மேற்கோள் எண்ணைக் கொண்டு தனி மனிதரின் தகுதியைத் தீர்மானிக்கலாகாது என்று சான்பிரான்சிஸ்கோவில் 2012-ல் கூடிய அறிஞர்கள் ஒரு பிரகடனத்தைத் தயாரித்தனர். 2015-ல் வெளியான லெய்டன் அறிக்கை, அந்தந்தப் பிரதேசத்துக்கு உரிய ஆராய்ச்சியின் சிறப்பைக் காப்பாற்றுவதை ஒரு தனிக் கொள்கையாகவே வைத்தது. பிரேசில் தேசத்தார் 1990-களின் இறுதியில் சயலோ என்ற பொதுப் பேரேட்டைத் தொடங்கினர். தென் அமெரிக்காவின் போர்ச்சுகீஸ், ஸ்பானிஷ் மொழிப் பத்திரிகைகள் அதில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றின் மேற்கோள்களும் எண்ணப்படுகின்றன. சீனாவில் நான்கிங் சர்வகலாசாலை சீனமொழிச் சமூக சாஸ்திரங்களுக்கென்றே ஓர் அட்டவணையை நடத்துகிறது. அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?

நூலகப் பணிகளைக் கணித முறையில் அளந்து பார்க்கும் கலைக்கு ‘லைப்ரமெட்ரி’ என்று 1948-ல் பெயர் சூட்டியவர், சீர்காழியில் பிறந்து சென்னைச் சர்வகலாசாலை நூலகத்தை உலகறியச் செய்த எஸ். ஆர். ரங்கநாதன். கார்பீல்டின் யோசனைக்கு ஏழு வருஷம் முந்தியது அது. அவர் பிறந்த நாட்டில், தமிழ்ப் பத்திரிகைகளின் மேற்கோள்களைத் திரட்டும் பேரேடு ஒன்று இல்லாதிருப்பது நமக்குப் பெருமை தருவதன்று.

மூன்று காரியங்களை உடனே செய்யலாம். முதலாவது, நம் மாகாணத்துச் சர்வகலாசாலைகள் ஒன்றுசேர்ந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் இங்கு வெளியாகும் சமூக சாஸ்திரப் பத்திரிகைகளுக்கு ஒரு பொது மேற்கோள் அட்டவணையை ஏற்படுத்தவேண்டும். இரண்டு வருஷத்துக்குப் பதில் பத்து, இருபது வருஷக் கணக்கை அதில் காட்டவேண்டும். சர்க்கார் கமிட்டிகளின் அறிக்கைகளும் நீதிமன்றத் தீர்ப்புகளும் ஒரு கட்டுரையை எடுத்துக்காட்டினால் அதையும் எண்ணவேண்டும். இரண்டாவது, உத்தியோகத்துக்கும் பதவி உயர்வுக்கும் மனுச் செய்பவர் தமது சிறந்த கட்டுரைகள் மூன்றையோ நான்கையோ கொடுத்தால் போதும் என்று விதித்து, தேர்வுக் கமிட்டியார் அவற்றைப் படித்தே முடிவு செய்யவேண்டும். படிப்பதற்கு நேரமில்லாத கமிட்டியார் ஆராய்ச்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்பானேன்? மூன்றாவது, பத்திரிகை நடத்துவோர் குறித்த தேதியில் வெளியிடுவதையும், வெளியார் மதிப்பீட்டையும், ஆதாரக் குறிப்பையும் விரதமாகக் கொள்ளவேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. வெளிநாட்டுப் பத்திரிகைகளே பெரும்பகுதியாக உள்ள ஏறத்தாழ 13,000 பத்திரிகைகளை நம் மாணவர்கள் படிக்கும்பொருட்டு, மத்திய சர்க்கார் 2024 நவம்பரில் மூன்று வருஷங்களுக்குச் சுமார் 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. படிக்க வசதி செய்தது நல்ல காரியமே. அதை நாம் குறைகூறவில்லை. ஆனால், பிறர் எழுதியதை வாங்கிப் படிக்க 6,000 கோடி கொடுக்கும் தேசம், அதில் நூற்றில் ஒரு பங்கான 60 கோடியை நம்மவர் எழுதுவதை ஒழுங்காக வெளியிடவும் பாதுகாக்கவும் அட்டவணைப்படுத்தவும் ஒதுக்கினால், பாரதத்தின் எல்லா மொழிகளும் பயன்பெறும்.

மானியக் கமிஷனின் அறிவிப்பு நம் சர்வகலாசாலைகளுக்கு ஒரு சுதந்திரத்தைக் கொடுத்திருக்கிறது. இந்தச் சுதந்திரத்தை வாங்கி, உடனே அதை அந்நியக் கம்பெனியின் எண்ணிடம் அடகு வைத்துவிடுவதா, அல்லது நம் மக்களின் வாழ்வை ஆராயும் உழைப்புக்கு நாமே மதிப்புக் கட்டும் திறமையை வளர்த்துக்கொள்வதா என்பதே இன்றுள்ள கேள்வி. துணைவேந்தர்களும் கல்விச் சபையாரும் அடுத்த வருஷத் தேர்வு விதிகளை எழுதும்போது இதற்கு விடை சொல்லியாக வேண்டும். அவ்விதிகளை ரகசியமாக எழுதாமல், ஆசிரியர்களும் மாணவர்களும் பொதுஜனங்களும் அபிப்பிராயம் சொல்லும்படி முன்கூட்டியே பிரசுரிக்கும்படி நாம் வற்புறுத்துகிறோம்.