துரோகம் என்ற சொல்லின் சௌகரியம்

குர்துகளைப் பற்றி நம் இலக்கிய வட்டத்தில் பேச்செழும்போதெல்லாம் ஒரு பழமொழி தவறாமல் வந்து விழுகிறது. மலைகளைத் தவிர அவர்களுக்கு வேறு நண்பர் இல்லை என்பது அது. சொன்னவர் சற்று மௌனிப்பார், கேட்டவர் தலையசைப்பார், விவாதம் அத்துடன் முடிந்துவிடும். பெஹ்ரூஸ் பூச்சானியின் நூலுக்குத் தலைப்பாகவும் அமைந்துவிட்டபடியால் அதற்கு இப்போது ஓர் இலக்கிய அந்தஸ்தும் சேர்ந்திருக்கிறது. குர்துகள் தம்மைக் குறித்துத் தாமே சொல்லிக்கொள்ளும்போது அவ்வாக்கியத்தில் வலியும் எள்ளலும் உண்டு. நாம் சொல்லும்போது அது ஒரு நூற்றாண்டு அரசியலை நிலவியலாக மாற்றிவிடுகிறது. மலை இருக்கிறது, நண்பர் இல்லை, நாம் என்ன செய்ய முடியும்?

எதிர்முனையில் நம் முற்போக்கு நண்பர்கள் நிற்கிறார்கள். 2003இல் ஈராக் மீது படையெடுத்த அமெரிக்காவுடன் குர்துகள் கைகோத்தார்கள். 2014இல் கொபானியைக் காத்தபோது அவர்களுக்கு மேலே அமெரிக்க விமானங்கள் பறந்தன. ஆகவே அவர்கள் ஏகாதிபத்தியத்தின் கைக்கருவி, தீர்ப்பு எழுதியாகிவிட்டது. முதல் சாராருக்குக் குர்துகள் ஏமாற்றப்பட்ட குழந்தைகள், இரண்டாம் சாராருக்கு விலைபோன கூலிகள். இரண்டு பார்வையிலும் குர்துகளுக்கென்று சொந்தமாக ஓர் அரசியல் இருப்பதற்கான இடமே இல்லை. நமது வழக்கு இவ்விரு தரப்புடனும்தான்.

துரோகங்களின் பட்டியல் நமக்கு மனப்பாடம். 1920இல் கையெழுத்தான செவ்ர் ஒப்பந்தத்தின் 62 முதல் 64 வரையிலான பிரிவுகள் குர்துப் பகுதிகளுக்குத் தன்னாட்சியையும், பின்னர் விரும்பினால் சுதந்திரம் கோரும் வாய்ப்பையும் எழுதிவைத்தன. மூன்றே ஆண்டுகளில் லொசான் ஒப்பந்தம் வந்தது. அதில் குர்து என்ற சொல்லே கிடையாது. 1946 ஜனவரியில் சோவியத் படைகளின் நிழலில் எழுந்த மஹாபாத் குடியரசு, அப்படைகள் விலகிய சில மாதங்களில், அவ்வாண்டு டிசம்பரிலேயே வீழ்ந்தது. குடியரசை அறிவித்த அதே சதுக்கத்தில் காஸி முகம்மது 1947 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டார். 1975இல் அல்ஜியர்ஸ். 2019இல், டிரம்ப்பின் ஒரு தொலைபேசி உரையாடலுக்குப் பின் வட சிரியாவிலிருந்து விலகிய அமெரிக்கத் துருப்புகள்.

இவையனைத்தும் நிகழ்ந்தவைதாம். ஆனால் துரோகம் என்ற சொல் அதற்கு முன்பு ஒரு நட்பு இருந்ததாக அனுமானிக்கிறது. 1975ஐயே எடுத்துக்கொள்வோம். முஸ்தஃபா பர்ஸானியின் போருக்கு ஈரான் மன்னர் ஷா ஆயுதம் கொடுத்தார், அமெரிக்கா பணம் கொடுத்தது. ஷத்-அல்-அரப் நீர்வழியின் எல்லையில் தமக்குச் சாதகமாக பாக்தாத் இறங்கிவந்த நாளில், மார்ச் 6 அன்று, ஷா சதாம் உசேனுடன் கையெழுத்திட்டு உதவியை நிறுத்தினார். சில வாரங்களில் கிளர்ச்சி நொறுங்கியது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் பைக் குழு தயாரித்து 1976இல் வெளியே கசிந்த அறிக்கையோ இன்னும் வெளிப்படையானது: குர்துகள் வெல்ல வேண்டும் என்பது உதவியவர்களின் நோக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை, ஈராக்கின் பலத்தை அரித்துக்கொண்டிருக்கும் அளவுக்குப் போர் நீடித்தால் போதும் என்பதே நோக்கம். ஆக அங்கே முறிந்தது நட்பன்று. ஒரு கொடுக்கல்வாங்கல் கணக்கு தீர்ந்தது, அவ்வளவே.

இந்தக் கணக்குக்கு ஒரு விதி உண்டு. அண்டை நாட்டின் குர்தைப் பேணு, சொந்த நாட்டின் குர்தை நசுக்கு. ஈரான்-ஈராக் போரின் எட்டாண்டுகளில் டெஹ்ரான் ஈராக்கியக் குர்துக் கட்சிகளுக்கும், பாக்தாத் ஈரானியக் குர்துக் கட்சிகளுக்கும் துணைநின்றன. சிரியா 1962இல் ஹஸாகா மாகாணத்தில் ஒரே நாளில் நடத்திய கணக்கெடுப்பின் வழியாக ஏறத்தாழ 1,20,000 குர்துகளின் குடியுரிமையைப் பறித்தது; அதே சிரியாதான் துருக்கியின் எதிரியான அப்துல்லா ஒஜலானுக்கு 1998 வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் புகலிடம் அளித்தது. அங்காரா, பர்ஸானி குடும்பத்தின் எர்பில் அரசு விற்கும் எண்ணெயை 2014 முதல் செய்ஹான் துறைமுகத்துக்குக் குழாய்வழி கொண்டுசேர்த்தது. 2015, 2016இல் தன் எல்லைக்குள்ளிருக்கும் ஸூர், ஜிஸ்ரே, நுசைபின் ஆகிய குர்துப் பகுதிகளில் ஊரடங்கை விதித்து பீரங்கிகளை நிறுத்தியதும் அதே அங்காராதான். நான்கு தலைநகரங்களும் எதிலும் ஒத்துப்போனதில்லை. குர்துகளுக்குத் தனிநாடு கூடாது என்பதில் மட்டும் ஒத்துப்போகின்றன.

இந்தப் பிராந்திய அரசியல் முழுவதையும் ஒரே ஒரு சொல்லில் காண விரும்புவோர் துருக்கியில் 1983இல் இயற்றப்பட்ட 2932ஆம் எண் சட்டத்தைப் பார்க்கலாம். ராணுவ ஆட்சிக் காலத்துச் சட்டம். துருக்கி அங்கீகரித்த நாடுகளின் முதல் ஆட்சிமொழி அல்லாத வேறெந்த மொழியிலும் கருத்துகளை வெளியிடுவதும் பரப்புவதும் குற்றம் என்றது. குர்து மொழியின் பெயரைச் சொல்லாமலேயே அதைத் தடைசெய்யும் சாமர்த்தியம் இது. பெயரைச் சொன்னால் அப்படியொரு மொழி இருப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடுமே! ஆனால் 'முதல்' என்ற அடைமொழி எதற்கு? 1970இல் பாக்தாத்துடன் ஏற்பட்ட தன்னாட்சி உடன்படிக்கையின்படி ஈராக்கின் குர்துப் பகுதிகளில் அரபுடன் குர்து மொழியும் ஆட்சிமொழியாகியிருந்தது. வெறுமனே 'ஆட்சிமொழி' என்று எழுதியிருந்தால் ஈராக்கின் வழியாகக் குர்து மொழி சட்டத்தின் பொந்துக்குள் நுழைந்துவிடும். எல்லைக்கு அப்பால் காகிதத்தில் கிடைத்த ஒரு சிறு தன்னாட்சி, எல்லைக்கு இப்பால் ஒரு சட்டத்தின் சொல்லை மாற்றி எழுதவைத்திருக்கிறது. அதே சட்டம் துருக்கிக் குடிமக்கள் அனைவரின் தாய்மொழியும் துருக்கியே என்றும் அறிவித்தது. தாய்மொழியை அரசாங்கம் அறிவிக்கும் விசித்திரத்தை எந்தப் புனைகதையாளரும் எழுதத் துணியமாட்டார். எந்தத் துருக்கிக் குடிமகனும் எம்மொழியையும் வணிகத்திலும் அச்சிலும் பொதுக்கூட்டத்திலும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்ற லொசான் ஒப்பந்தத்தின் 39ஆம் பிரிவு அப்போதும் உயிரோடுதான் இருந்தது.

1991இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அவ்வாண்டே நாடாளுமன்ற உறுப்பினரான லெய்லா ஸானா, துருக்கி மொழியில் உறுதிமொழி எடுத்த பிறகு, இரு மக்களின் சகோதரத்துவத்தைக் குறித்துக் குர்து மொழியில் ஒரேயொரு வாக்கியம் சொன்னார். அவையில் கூச்சல் எழுந்தது. 1994இல் அவருக்குப் பதினைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது, 2004இல்தான் வெளியே வந்தார். குர்து எழுத்துவரிசையில் உள்ள மூன்று லத்தீன் எழுத்துகள் துருக்கி எழுத்துவரிசையில் இல்லை. அவற்றுக்கான தடை 2013 வரை நீடித்தது. நவ்ரோஸ் திருநாளின் பெயரைக் குர்து முறைப்படி எழுதியதற்காக வழக்குகளைச் சந்தித்தவர்கள் இருக்கிறார்கள்.

நாம் கொபானியின் பெண் போராளிகளின் புகைப்படங்களை வியந்து பகிர்ந்தோம். ஜலாதத் பதிர்கானின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? சிற்றிதழ் மரபைச் சொந்தம் கொண்டாடும் நமக்கு இது கொஞ்சம் வெட்கம் தரவேண்டிய விஷயம். 1932 மே மாதம் டமாஸ்கஸில், பிரெஞ்சு ஆட்சியின் கீழ், துருக்கியிலிருந்து துரத்தப்பட்ட அந்த மனிதர் 'ஹவார்' என்ற இதழைத் தொடங்கினார். ஹவார் என்றால் அபயக்குரல். தொடக்க இதழ்கள் அரபு எழுத்திலும் லத்தீன் எழுத்திலும் வந்தன, பின்னர் லத்தீன் மட்டும். 1943 வரை, இடையிடையே நின்றும் தொடர்ந்தும், 57 இதழ்கள். இன்று துருக்கியிலும் சிரியாவிலும் குர்மாஞ்சி வழக்கை எழுதும் எவரும் அடிப்படையில் அந்தச் சிற்றிதழ் வகுத்த எழுத்துமுறையிலேயே எழுதுகிறார்கள். ஈராக்கிலும் ஈரானிலும் சொரானி வழக்கு அரபு வழிவந்த எழுத்தில் நிற்கிறது. எல்லைக்கோடு எழுத்துவரிசையின் நடுவிலும் ஓடுகிறது என்பதுதான் இதன் அரசியல். ஒரு குர்து நாவலை இன்னொரு குர்து படிக்க முடியாத நிலையை மலை உண்டாக்கவில்லை.

குர்மாஞ்சி நாவல், அம்மொழி பேசப்படும் ஊர்களில் வளர முடியாமல் ஸ்வீடனில் வளர்ந்தது. 1977இல் அங்கே தஞ்சம் புகுந்த மெஹ்மத் உஸூன் தம் நாவல்களை அங்கிருந்தே எழுதினார். நோயுற்றுத் தாயகம் திரும்பிய அவர் 2007இல் தியார்பக்கிரில் இறந்தார். நாம் துருக்கிய நாவலாசிரியராக மட்டும் அறிந்து சிலாகிக்கும் யஷார் கெமால் குர்துப் பெற்றோருக்குப் பிறந்தவர், துருக்கி மொழியில் எழுதியவர். குர்துப் பிரச்சினையைப் பற்றி ஜெர்மானிய வார இதழொன்றில் எழுதியதற்காக 1995இல் அவரும் நீதிமன்றம் ஏற நேர்ந்தது.

இனி, கண்ணீர் சிந்தும் நண்பர்கள் விரும்பாத பகுதி. துரோகம் என்ற சொல் வெளியாரைச் சுட்டுவதால் குர்துத் தலைமைகளுக்கும் அது மிகவும் வசதியானது. 1983இல் சதாமின் ஆட்கள் பர்ஸானி குலத்தைச் சேர்ந்த ஆண்களும் சிறுவர்களுமாக எண்ணாயிரம் பேர்வரை பிடித்துச் சென்றார்கள், எவரும் திரும்பவில்லை. 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜா நகரில் நச்சுவாயுவுக்கு ஐயாயிரம் பேர்வரை பலியானார்கள். இத்தனைக்கும் பிறகு, 1996 ஆகஸ்டு 31 அன்று, ஜலால் தாலபானியின் கட்சியை எர்பிலிலிருந்து விரட்டுவதற்காக மசூத் பர்ஸானி அழைத்தது அதே சதாமின் டாங்கிகளை. தாலபானியின் பின்னே ஈரான் இருந்தது. 1994 முதல் 1998 வரை குர்துகளைக் குர்துகளே கொன்றார்கள். 2014 ஆகஸ்டில் ஐ.எஸ். படை சிஞ்சாரை நெருங்கியபோது பெஷ்மெர்கா வீரர்கள் பின்வாங்கினார்கள். யஸீதி மக்கள் கைவிடப்பட்டார்கள். 2017 செப்டம்பரில் தனிநாட்டுக்கான வாக்கெடுப்பில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். மூன்று வாரங்களில் கிர்குக் நகரம் பாக்தாத்தின் கைக்குப் போயிற்று. அங்கும் ஒரு கட்சியின் படைப்பிரிவு போரிடாமலே விலகியது. இதையெல்லாம் எந்த மலையின் கணக்கில் எழுதுவது?

இவற்றைச் சொன்னால் உடனே முற்போக்கு நண்பர்கள் முகம் மலர்வார்கள். அவசரப்பட வேண்டாம். ஒரு மக்களின் தலைமை கைகட்டி நின்றதால் அம்மக்களின் கோரிக்கை இரவல் கோரிக்கையாகிவிடாது. ஈரானியக் குர்துக் கட்சியின் தலைவர் அப்துல் ரஹ்மான் காசிம்லூ தனிநாடு கேட்கவில்லை. ஈரானுக்கு ஜனநாயகம், குர்திஸ்தானுக்குத் தன்னாட்சி என்பதே அவர் கட்சியின் முழக்கம். 1989 ஜூலை 13 அன்று வியன்னாவில், ஈரானிய அரசின் தூதுவர்களுடன் பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்திருந்தபோது சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் எந்த வல்லரசின் கூலி என்று நண்பர்கள் விளக்கட்டும். ஒஜலானின் இயக்கமும், அதன் ஆயுதங்கள் குறித்தும் தலைவர் வழிபாடு குறித்தும் நமக்குக் கடுமையான மறுப்புகள் உண்டெனினும், இரண்டாயிரத்தின் முதற்பத்தாண்டிலேயே தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு உள்ளாட்சிகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது.

ஆகவே குர்துகளுக்கு நாடு எப்போது கிடைக்கும் என்று கேட்பது பிரச்சினையைத் தவறான முனையில் பிடிப்பதாகும். தன்னாட்சி தனிநாட்டைவிடச் சிறிய கோரிக்கைபோலத் தோன்றும். உண்மையில் அதுவே அரசுகளை அதிகம் அச்சுறுத்துகிறது. பிரிந்துபோகிறேன் என்பவரைப் பிரிவினைவாதி என்று சுட்டுவிடலாம். இங்கேயே இருக்கிறேன், ஆனால் நான் துருக்கியன் அல்லன், என் குழந்தைக்கு என் மொழியில் வகுப்பு நடத்து என்பவர், குடிமகன் என்ற சொல்லின் பொருளையே மாற்றச் சொல்கிறார். 2016 செப்டம்பர் முதல் துருக்கியில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்த குர்து மேயர்கள் பதவி நீக்கப்பட்டு அரசு நியமித்த நிர்வாகிகள் அமர்த்தப்பட்டதை இவ்வகையிலேயே புரிந்துகொள்ள முடியும். அந்த மேயர்கள் நகராட்சியைத்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஈரானின் 1979 அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு வட்டார மொழிகளின் இலக்கியத்தைப் பள்ளியில் கற்பிக்க அனுமதிக்கிறது. அந்தப் பிரிவு சாசனத்தில் இருக்கிறது, பள்ளியில் இல்லை.

2025 பிப்ரவரியில் இம்ராலி தீவுச் சிறையிலிருந்து ஒஜலான் ஆயுதங்களைக் கைவிடச் சொன்னார். மே மாதம் இயக்கம் தன்னைக் கலைப்பதாக அறிவித்தது. ஜூலை 11 அன்று சுலைமானியாவுக்கு அருகில் முப்பது போராளிகள் தம் துப்பாக்கிகளை ஒரு பெரிய கொப்பரையிலிட்டு எரித்தார்கள். அவ்வாண்டு மார்ச் 10 அன்று டமாஸ்கஸின் புதிய அரசு குர்துத் தளபதியுடன் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டது. மூன்று நாட்கள் கழித்து வெளியான இடைக்கால அரசியல் சாசனம் நாட்டின் பெயரை சிரிய அரபுக் குடியரசு என்றே வைத்துக்கொண்டது. நம் நாளிதழ்கள் கொப்பரையின் படத்தை அச்சிட்டன. துருக்கி மொழி தவிர வேறெந்த மொழியும் கல்வி நிலையங்களில் தாய்மொழியாகக் கற்பிக்கப்படலாகாது என்னும் துருக்கி அரசியல் சாசனத்தின் 42ஆம் பிரிவு, துப்பாக்கிகள் எரிந்த அந்த நாளிலும் ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தது.

மறுப்புடைய நண்பர்கள் எழுதட்டும். ஹவாரின் 57 இதழ்களைப் பற்றித் தனியே எழுத வேண்டியிருக்கிறது, அது பிறிதொரு சமயம்.