நகல் ஒட்டகமும் நாம் கேட்கத் தவறிய கேள்வியும்

2009 ஏப்ரல் 8 அன்று துபாயில் ஓர் ஒட்டகக் குட்டி பிறந்தது. ‘இன்ஜாஸ்’ என அதற்குப் பெயரிட்டனர். அரபியில் ‘சாதனை’ என்று பொருள். குளோனிங் முறையில் பிறந்த உலகின் முதல் ஒட்டகம் அதுவே. இறைச்சிக்காக அறுக்கப்பட்ட பெண் ஒட்டகம் ஒன்றின் சினைப்பையிலிருந்து உயிரணுக்களை எடுத்து ஆய்வகத்தில் காத்து வைத்திருந்தனர். நிஸார் அகமது வானி முதலான ஆய்வாளர்கள், வேறோர் ஒட்டகத்தின் கருமுட்டையிலிருந்து அதன் மரபுப் பொருளை அகற்றிவிட்டு, இந்த உயிரணுவை அதனுள் சேர்த்தனர். அவ்வாறு உருவான கருவை மூன்றாவதாக ஓர் ஒட்டகம் 378 நாள்கள் சுமந்து ஈன்றது.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் நம்மவர்களிடையே ஒரே கேள்விதான் எழுகிறது: மனிதன் படைக்கத் தொடங்கிவிட்டானா? வளைகுடாவில் பணிபுரியும் சகோதரர் ஒருவர் செய்தியை அனுப்பிவைப்பார். இங்கே வீட்டில் பிள்ளைகள் கேட்பார்கள். பெரியவர்கள் ‘அஸ்தஃபிருல்லாஹ்’ என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்கள். இந்த அச்சத்திற்கு இடமில்லை என்றே நாம் கருதுகிறோம். உயிரணு, கருமுட்டை, கருப்பை ஆகிய மூன்றும் முன்பே உயிருடன் இருந்தவை. அவற்றுள் ஒன்றைக்கூட எந்த ஆய்வகமும் ஆக்கவில்லை. பிறந்த நகலும் முழுமையான நகலன்று. மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்கள் பெரும்பாலும் கருமுட்டை தந்த ஒட்டகத்திடமிருந்தே வருகின்றன.

மார்க்க அறிஞர்கள் இதனை முன்பே ஆராய்ந்துள்ளனர். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி மனிதக் குளோனிங்கைத் தடுத்தது. தாவரங்கள், நுண்ணுயிர்கள், விலங்குகள் ஆகியவற்றில், ஷரீஅத்தின் வரம்புக்குள், நன்மையை ஈட்டவும் தீங்கைத் தடுக்கவும் அதனை ஆகுமாக்கியது.

அப்படியானால் யாருக்கு, என்ன நன்மை? நாம் கேட்கத் தவறிய கேள்வி இதுதான். பால் மிகுதியாகச் சுரக்கும் ஒட்டகத்தை நகலெடுப்பதில் பொருள் உண்டு. ஆனால் பந்தயத்திலும் அழகுப் போட்டியிலும் வென்ற ஒட்டகங்களை நகலெடுத்துத் தருமாறு செல்வந்தர்கள் கேட்கிறார்கள். அந்த அழகுப் போட்டி எத்தகையது என்பதற்கு ஒரு சான்று: 2021 டிசம்பரில் சவூதி அரேபியாவில் போடோக்ஸ் ஊசியும் பிற ஒப்பனைகளும் செய்யப்பட்டதாக நாற்பதுக்கும் மேற்பட்ட ஒட்டகங்கள் விலக்கப்பட்டன. உதடு தொங்குவதற்காக ஊசி போடும் ஆசைக்குத் துணைபோவதும் நன்மையின் கணக்கில் சேருமா?

இதில் உயிர்களின் துன்பமும் உண்டு. டோலி என்ற ஆட்டுக்குட்டி பிறப்பதற்கு 277 முறை அணுவைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து நுட்பம் வளர்ந்துள்ளது. எனினும் பெரும்பாலான கருக்கள் நிலைப்பதில்லை. அந்த இழப்புகளைத் தாங்குவது வாடகைத் தாயின் உடல். பட்டினி போட்டு வேலை வாங்கிய உரிமையாளரிடம் அவரது ஒட்டகத்துக்காக நபி (ஸல்) அவர்கள் கண்டித்துப் பேசிய செய்தியை அறிந்த சமுதாயம் நாம். மேலும், ஒரே அழகியின் நகல்கள் மந்தைகளில் பெருகப் பெருக, மரபணு வேறுபாடு குறையும். ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கும்.

இதே நுட்பத்துக்கு மேலான பயனொன்று இருக்கிறது. மங்கோலியாவிலும் சீனாவிலும் உள்ள பாலைவெளிகளில் இரட்டைத் திமில் கொண்ட காட்டு ஒட்டகம் வாழ்கிறது. வீட்டில் வளர்க்கப்படும் இரட்டைத் திமில் ஒட்டகத்தின் மூதாதை அதுவே என்று முன்பு எண்ணினர். அது தனி இனம் என மரபணு ஆய்வுகள் காட்டின. இன்று ஏறத்தாழ ஆயிரம்தான் எஞ்சியுள்ளன. வளர்ப்பு ஒட்டகங்களோடு கலந்து இனத்தூய்மை அழிவதும் அவற்றுக்கு நேர்ந்துள்ள ஆபத்துகளில் ஒன்று. வானியின் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒற்றைத் திமில் ஒட்டகத்தின் கருமுட்டையையும் கருப்பையையும் கொண்டு வளர்ப்பு இரட்டைத் திமில் ஒட்டகத்தின் நகலைப் பிறப்பித்துக் காட்டியது. காட்டு ஒட்டகத்தைக் காப்பதற்கான முதற்படி என்றே அதனை அவர்கள் குறிப்பிட்டனர்.

மேய்ச்சல் வெளியும் நீர்நிலையும் காக்கப்படாவிட்டால் ஆய்வகத்துக் குட்டியால் மட்டும் அந்த இனம் பிழைக்காது. இதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் ஒட்டகம் எவ்வாறு படைக்கப்பட்டது என்பதை உற்றுநோக்குமாறு குர்ஆன் அழைத்த உயிரினத்தில் ஓரினம் நம் காலத்தில் அழிவின் விளிம்பில் நிற்கிறது. அழகுப் போட்டிகளுக்காகக் கோடிகளை வாரியிறைக்கும் நம் செல்வந்தர்கள், அதில் ஒரு பங்கையேனும் கோபியின் அந்த ஆயிரம் ஒட்டகங்களுக்காக ஒதுக்கட்டும்.