ஸ்கைலர் செய்தது சரியா?

ஒரு பெண் வழி தவறிவிட்டாள் என்று காதில் விழுந்ததும் நமக்கெல்லாம் எங்கிருந்தோ ஒரு நீதிபதி உத்தியோகம் கிடைத்துவிடுகிறது. சம்பளமில்லாத உத்தியோகம்தான், ஆனால் ஓய்வு பெறும் வயது கிடையாது! டெலிவிஷன் வந்த பிறகு கோர்ட்டும் நம் கூடத்துக்கே வந்துவிட்டது. காப்பியை ஆற்றிக்கொண்டே தீர்ப்பும் சொல்லி முடித்துவிடலாம்.

இந்த வாரம் அப்படித் தீர்ப்பான ஒரு வழக்கின் கட்டைப் பிரித்துப் பார்க்கலாம் என்று எனக்கு ஆசை. வழக்கு நடந்த இடம் அமெரிக்கா. கூண்டில் நின்றவள் பெயர் ஸ்கைலர் ஒயிட். அவள் ரத்தமும் சதையுமான பெண் அல்ல. 'பிரேக்கிங் பேட்' என்ற டெலிவிஷன் நாடகத்தில் வரும் பாத்திரம். 2008 ஜனவரியில் தொடங்கி 2013 செப்டம்பர் வரை 62 பகுதிகள் ஓடிய கதை அது. கற்பனைப் பெண்ணாயிற்றே என்று யாரும் அவளைச் சும்மா விடவில்லை. நிஜப் பெண்களுக்குக் கூடக் கிடைக்காத வசவு அவளுக்குக் கிடைத்தது.

நாடகம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் ஆல்புகர்க்கி என்று ஓர் ஊர். அங்கே வால்டர் ஒயிட் என்ற ரசாயன வாத்தியார் இருக்கிறார். ஐம்பது வயது ஆகிறது. சம்பளம் போதாமல் கார் கழுவும் கடையில் வேறு வேலை செய்கிறார். பையனுக்குப் பிறவியிலேயே கை கால் சரியாக வராத குறை. மனைவி ஸ்கைலர் இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருக்கிறாள். அந்தச் சமயத்தில் வாத்தியாருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். நான் போய்விட்டால் குடும்பம் என்ன ஆகும் என்று யோசித்த மனிதர், தமக்குத் தெரிந்த ரசாயனத்தைக் கொண்டு போதை மருந்து காய்ச்சக் கிளம்பிவிடுகிறார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தங்கையின் புருஷனோ போதை மருந்துக்காரர்களைப் பிடிக்கிற சர்க்கார் அதிகாரி!

இனி ஸ்கைலர் மேல் உள்ள குற்றச்சாட்டு. அவள் டெட் என்ற மனிதனின் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். 2010 ஏப்ரலில் ஒளிபரப்பான ஒரு பகுதியில் அவள் அந்த டெட்டோடு உறவு கொள்கிறாள். வீட்டுக்கு வந்து, அதை ஒளிக்காமல் புருஷன் காதில் பச்சையாகச் சொல்லியும் விடுகிறாள். அவ்வளவுதான்! ஏற்கனவே அவளைப் பிடிக்காதவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. "நோயாளிப் புருஷனுக்குத் துரோகம் செய்தவள்" என்று முத்திரை விழுந்துவிட்டது.

செய்தது தவறுதானே என்று கேட்பீர்கள். தவறு இல்லை என்று வாதாட நான் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொள்ளவில்லை. ஆனால் தீர்ப்புக்கு முன்னால் சாட்சியங்களைப் பார்க்க வேண்டும் அல்லவா? அந்த நாளுக்கு முன்னால் அந்த வீட்டில் என்னென்ன நடந்தது?

2009-ல் வந்த ஒரு பகுதியில், வெளியே எங்கோ பயங்கரத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார் வால்டர். சமையலறையில் நிற்கும் கர்ப்பிணி மனைவியை, அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, பலவந்தம் செய்யப் பார்க்கிறார். அவள் முகம் குளிர்சாதனப் பெட்டியில் போய் மோதுகிறது. முகத்துக்கு அவள் பூசியிருந்த பூச்சு பெட்டியின் கதவில் அப்பிக்கொண்டு நிற்கிறது. ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவதென்றால் இதிலிருந்து அல்லவா ஆரம்பிக்க வேண்டும்? ஸ்கைலரைத் திட்டியவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் காட்சி ஞாபகம் இருந்தது?

பிறகு அவளுக்குப் பிரசவ வலி எடுக்கிறது. புருஷன் பக்கத்தில் இல்லை. போதை மருந்துச் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அவசரத்தில் இருக்கிறார். மகள் பிறந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருகிறார். பின்னால் ஒரு நாள், ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்த நிலையில், தம்மிடம் இரண்டு டெலிபோன் இருப்பதை அவரே உளறிவிடுகிறார். ஸ்கைலர் ஒவ்வொரு நூலாகப் பிடித்து இழுத்து உண்மையைக் கண்டுபிடிக்கிறாள். வீட்டை விட்டுப் போய்விடு, விவாகரத்து வேண்டும் என்கிறாள்.

போனாரா? போனார்; திரும்பி வந்தார். அவள் போலீசைக் கூப்பிடுகிறாள். போலீஸ்காரர் வந்து விசாரிக்கிறார். சட்டப்படி இன்னும் இருவரும் புருஷன் பெண்டாட்டி; வீடு இருவருக்கும் சொந்தம். அடித்தாரா? இல்லை. அப்படியானால் அவரை வெளியேற்ற வழியில்லை. அந்த நிமிஷத்தில் அவள் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்: 'இந்த மனிதர் போதை மருந்து காய்ச்சுகிறார்' என்று. சொன்னால் புருஷன் ஜெயிலுக்குப் போவார். தகப்பன் மேல் உயிரையே வைத்திருக்கும் பையன் மனம் உடைந்துபோவான். தங்கையின் புருஷன் உத்தியோகமும் போகும். அவள் சொல்லவில்லை, வாயை மூடிக்கொள்கிறாள். விஷயம் தெரியாத பையனோ, அப்பாவை விரட்டுகிறாளே என்று பெற்ற தாயைக் கேவலமாக ஏசுகிறான்.

இவ்வளவும் ஆன பிறகுதான் அவள் டெட்டிடம் போகிறாள். பெட்டி நிறையப் பணத்தைக் காட்டி, இதெல்லாம் குடும்பத்துக்காகத்தான் என்று புருஷன் பிரசங்கம் செய்த பிறகு போகிறாள். அதை ஆசை என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டம் கதவைச் சாத்திவிட்டது, குடும்பமும் சாத்திவிட்டது. இந்த மனிதரை வெளியே தள்ள அவள் கையில் மிச்சமிருந்த ஆயுதம் அது ஒன்றுதான். தன்னையே வெட்டிக்கொள்கிற ஆயுதம். புத்திசாலித்தனமா என்றால் இல்லை. நல்ல காரியமா என்றால் அதுவும் இல்லை. ஆனால் காமத்தால் கெட்டவள் என்பதற்கும் இதற்கும் வெகு தூரம்.

ஒரு வேடிக்கை பாருங்கள். அடுத்த பகுதியிலேயே வால்டர் தாம் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியையை, அவளுடைய அறையிலேயே வைத்து முத்தமிடப் போகிறார். அவள் திடுக்கிட்டு விலகுகிறாள். அவருக்கு நீண்ட விடுமுறை கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்காக அவரைக் 'கெட்டுப் போனவன்' என்று யாராவது சொன்னார்களா? "பாவம், மனசு சரியில்லை" என்று விட்டுவிட்டோம்! அவள் மனசைப் பற்றிக் கேட்க மட்டும் ஆளில்லை.

இது போகட்டும். வால்டரின் மற்றக் கணக்கு என்ன? மயக்கத்தில் மூச்சுத் திணறிச் சாகும் ஒரு இளம் பெண்ணைக் காப்பாற்றாமல் நின்று பார்த்தார். தம் காரியம் ஆவதற்காக ஒரு சின்னப் பையனுக்கு விஷம் கொடுக்க ஏற்பாடு செய்தார். கொலைகளோ வரிசையாக வருகின்றன. இத்தனையையும் பார்த்துக்கொண்டே ஜனங்கள் அந்த மனிதர் போலீசில் அகப்படாமல் இருக்க வேண்டுமே என்று கவலைப்பட்டார்கள். அந்த வேஷம் போட்ட பிரையன் கிரான்ஸ்டனுக்கு நான்கு தடவை எம்மி பரிசு கிடைத்தது. பரிசு நியாயமானதுதான், மகா நடிகர். ஆனால் விஷம் வைத்தவனை மன்னித்துவிட்டு, படி தாண்டியவளை மன்னிக்க மறுக்கும் தராசு எப்படிப்பட்ட தராசு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்கைலர் பின்னால் நிஜமாகவே சட்ட விரோதமான காரியம் செய்கிறாள். கார் கழுவும் கடையை விலைக்கு வாங்கி, புருஷனின் கறுப்புப் பணத்தை அதன் வழியாக வெள்ளையாக்குகிறாள். ஜெயிலுக்குப் போக வேண்டிய குற்றம் அதுதான். ஆனால் அவளைத் திட்டியவர்கள் அதைப் பெரிதாகப் பேசவில்லை. கணக்குப் புத்தகத்தில் செய்த பாவம் யாருக்கும் உறைக்கவில்லை. படுக்கையறைப் பாவம் மட்டும்தான் உறைத்தது.

ஏன் இப்படி? காரணம் இல்லாமல் இல்லை. கதை முதலிலிருந்தே வால்டரின் தோளில் நம்மை உட்கார்த்தி வைத்து ஊர்வலம் போகிறது. அவருக்கு நோய் வந்தது முதலில் நமக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியாது. அவர் ரகசியமும் நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. 'எங்கே போனீர்கள்? ஏன் டெலிபோனை எடுக்கவில்லை?' என்று அவள் கேட்கும்போது, எந்த மனைவியும் கேட்கக்கூடிய அந்தக் கேள்வி நமக்கு நச்சரிப்பாகத் தோன்றுகிறது. ஏனென்றால் நாமும் அந்த ரகசியத்தில் பங்காளிகள். அவள் எங்கே கண்டுபிடித்துவிடுவாளோ என்று நமக்கும் அவரோடு சேர்ந்து நெஞ்சு படபடக்கிறது!

இந்த வெறுப்பு பாத்திரத்தோடு நிற்கவில்லை. ஸ்கைலராக நடித்த அன்னா கன் 2013 ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பாத்திரத்தின் மேல் இருந்த ஆத்திரம் மெல்லத் தம் மேலேயே திரும்பியதையும், தம்மைக் கொல்ல வேண்டும் என்ற பேச்சு வரை அது போனதையும் அதில் சொல்லியிருந்தார். பெண்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஜனங்கள் மனத்தில் வைத்திருக்கும் அச்சில் ஸ்கைலர் அடங்கவில்லை, அதுதான் காரணம் என்பது அவருடைய முடிவு. மேடையில் வில்லன் வேஷம் போட்டவரை வெளியே பார்த்தால் திட்டுவது நமக்கும் தெரிந்த கதைதான். ஆனால் இங்கே வில்லன் வேஷக்காரருக்கு மாலை. வில்லனிடம் அகப்பட்டவளாக நடித்தவருக்கு வசவு! அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் அன்னா கன்னுக்கு எம்மி பரிசு கிடைத்தது சற்று ஆறுதல்.

அன்னா கன் அந்தக் கட்டுரையில் வேறு இரண்டு நாடக மனைவிகளையும் துணைக்கு அழைத்திருந்தார். ஒருத்தி 'சொப்ரானோஸ்' நாடகத்தின் கார்மெலா. மற்றொருத்தி 'மேட் மென்' நாடகத்தின் பெட்டி. இந்த இருவருடைய புருஷர்களும் மற்றப் பெண்களோடு வைத்திருந்த தொடர்பை எண்ணிச் சொல்ல வேண்டுமானால் விரல்கள் போதா. கார்மெலாவும் பெட்டியும் புருஷனை வெளியே அனுப்பியிருந்த காலத்தில் தலைக்கு ஒரு தடவை வழி தவறினார்கள். புருஷர்கள் 'சிக்கலான மனிதர்கள்' என்று பெயர் வாங்கினார்கள். மனைவிமார் வாங்கியது வேறு பெயர்.

வால்டரின் வக்கீல்களுக்கு இருந்த ஒரே பிடி, 'எல்லாம் குடும்பத்துக்காகச் செய்தார்' என்பது. அந்தப் பிடியையும் நாடகமே கடைசியில் பிடுங்கிப் போட்டுவிடுகிறது. 2013 செப்டம்பர் 29-ந் தேதி வந்த இறுதிப் பகுதியில், சாகப் போகும் வால்டர் மனைவியைப் பார்க்க வருகிறார். மறுபடியும் குடும்பப் பாட்டைத்தான் பாடப் போகிறார் என்று அவள் சலித்துக்கொள்ளும்போது, தமக்காகவே செய்ததாகவும், அது தமக்குப் பிடித்திருந்ததாகவும் தம் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். குற்றவாளியே ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் ஸ்கைலருக்கு அளித்த தண்டனையை யார் திரும்பப் பெற்றார்கள்?

நம் புராணத்தில் அகலிகையைக் கல்லாகச் சபித்தார் கௌதமர். கடுமையான தண்டனைதான். ஆனால் அந்தக் கோபத்திலும் அவர் இந்திரனைச் சும்மா விடவில்லை. தேவராஜன் என்று தயங்காமல், உலகம் பார்த்துச் சிரிக்கும்படி அவனுக்கும் ஒரு சாபம் கொடுத்தார். அந்தப் பழைய கோர்ட்டில் குற்றவாளிகள் இருவர். நம் கூடத்துக் கோர்ட்டிலோ ஒருத்தி மட்டும்தான்!

டெலிவிஷன் பாத்திரத்தைத் திட்டினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றலாம். ஸ்கைலருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் நம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு. அவள் நம் மகளாக இருக்கலாம், நாத்தனாராக இருக்கலாம், மாட்டுப்பெண்ணாக இருக்கலாம். 'இவளும் சரியில்லாதவள்தானே' என்று நாம் சொல்வதைக் கேட்டுக்கொண்டே அவள் உருளைக்கிழங்கு நறுக்குகிறாள். என்றைக்காவது தன் வீட்டில் மூச்சு முட்டும்போது யாரிடம் போய்ச் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்று அப்போதே மனத்துக்குள் குறித்து வைத்துக்கொள்கிறாள்.

ஆகவே சகோதரிகளே, தீர்ப்புச் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கதை பார்ப்பதில் பாதி ருசி அதில்தானே இருக்கிறது! 'அவள் செய்தது தப்பு' என்று தாராளமாகச் சொல்லுங்கள். சொன்ன கையோடு, 'அதற்கு முன்னால் அவளுக்கு என்ன நடந்தது?' என்று ஒரு கேள்வியையும், அந்தப் பெண்ணின் காதில் விழும்படி, கொஞ்சம் உரக்கவே கேட்டு வையுங்கள்.