யாரும் மறைக்கவில்லை!



'உங்களிடமிருந்து மறைக்கப்பட்ட வரலாறு' என்று தொடங்கும் காணொளி ஒன்று இந்த வாரமும் புலனத்தில் வந்து சேர்ந்தது. காட்டுக்குள் புதைந்த நகரம், கடலடியில் கோபுரம், அயலார் பூட்டி வைத்த ஓலைச்சுவடி... உடன் உருக்கமான பின்னணி இசை வேறு! மறுநாள் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதே காணொளியைப் பற்றி, "ஐயா, இதையெல்லாம் ஏன் பாடநூலில் மறைத்துவிட்டார்கள்?" என்று கேட்டான்.

அவனைக் குறை கூறமாட்டேன். பயிற்சிக் கல்லூரி நாள்களில் யானும் குமரிக்கண்டத்தைப் பற்றி மேடையில் முழங்கிக் கைத்தட்டல் வாங்கியவனே. கடல்கொண்ட பாண்டிய நிலத்தைப் பற்றி இறையனார் அகப்பொருள் உரை பேசுவது உண்மை. ஆனால், அதனோடு நாம் ஒட்டவைத்த இலெமூரியா என்னும் பெயர், 1864-இல் பிலிப் சிலேட்டர் என்னும் ஆங்கிலேய விலங்கியலார் வைத்தது. மடகாசுகரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்கினங்கள் காணப்படுவது ஏன் என்பதை விளக்க, இடையில் ஒரு நிலப்பரப்பு இருந்து மூழ்கியிருக்கலாம் என அவர் கருதினார். நிலத்தட்டுகளின் நகர்வு 1960-களில் தெளிவானபின் அறிவியலார் அக்கருத்தைக் கைவிட்டனர். நாம் மட்டும் கைவிடவில்லை. அன்றைய மேடையில் இவற்றுள் ஒன்றையும் யான் அறிந்திருக்கவில்லை. அறிய முயலவும் இல்லை.

இத்தகைய கதைகளில் அப்படி என்ன ஈர்ப்பு? புதையல் தேடும் இன்பம் ஒன்று. அது குழந்தைகளுக்கு உரியது, நல்லதும்கூட. பெரியவர்களாகிய நம்மை ஈர்ப்பது வேறொன்று என்பேன். மறைத்தவன் ஒருவன் இருந்தால் நம்மீது குற்றமில்லை! யாரோ ஒளித்துவிட்டார்கள், ஆகவே, நாம் படிக்காதது நம் பிழையன்று, போய்ப் பாராததும் நம் பிழையன்று. பகிர்ந்துவிட்டால் கடமை முடிந்தது.

இதோ, நம் நாட்டில் எவரும் மறைக்காத ஓர் இடம்: கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கு. 1025-இல் இராசேந்திர சோழனின் கடற்படை தாக்கிய கடாரம் இப்பகுதியே என்பர் ஆய்வாளர். 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் இணையர் இங்கே அகழாய்வு செய்து, கோயில் அடித்தளங்களுக்கு எண்ணிட்டு, 1940-இல் அறிக்கை வெளியிட்டனர். மெர்போக்கில் 1980 முதல் அருங்காட்சியகம் உள்ளது. புக்கிட் பத்து பகாட் சண்டியைக் கண்முன்னே காணலாம். வேறிடங்களில் இருந்த சண்டிகளின் கற்களையும் செங்கற்களையும் கொண்டுவந்து அங்கே மீண்டும் அடுக்கியும் வைத்துள்ளனர். சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் பழைய இரும்பு உருக்கும் உலைகளைத் தோண்டி எடுத்துள்ளனர். அவற்றின் காலம் குறித்து அறிஞரிடையே வாதம் நடக்கிறது. நடக்கட்டும், ஆய்வு என்றால் அப்படித்தான்.

எண்ணிட்ட அந்தச் சண்டிகளுள் ஒன்று 11. அது 2013-இல் மண்வாரி இயந்திரத்தால் இடிக்கப்பட்டது. நிலம் தனியாருடையது, மரபுடைமையாக அரசிதழில் பதிவு பெறாதது. வீட்டுமனைக்காக நிலத்தைத் திருத்தினார்கள். ஆண்டின் இறுதியில் செய்தி வெளிவந்தபோதுதான் நாம் கொதித்தெழுந்தோம். கொதித்தவர்களுள் எத்தனை பேர் அதற்கு முன் அந்தச் சண்டியைப் பார்த்திருப்போம்? யான் பார்க்கவில்லை. இடிந்தபின் செய்தித்தாளில் வந்த படத்தில்தான் முதன்முறை பார்த்தேன்.

ஒளித்து வைக்கப்படவில்லை, அன்பர்களே! எண் இருந்தது, அறிக்கை இருந்தது. அந்நிலம் பதிவு பெற்றதா என்று கேட்க ஆள்தான் இல்லை.

'இக்கதைகள் ஆர்வத்தையாவது தூண்டுகின்றனவே?' என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். தூண்டினால் மகிழ்வேன். ஆனால், பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் யான் காண்பது வேறு. மர்மத்துக்குப் பழகிய பிள்ளைக்கு, உடைந்த பானையோட்டைக் காட்டினால் சலிப்பு ஏற்படுகிறது. 'இவ்வளவுதானா ஐயா?' என்கிறான். அந்த ஓட்டை எந்த நாட்டுக் கப்பல் கொண்டுவந்தது, யார் அதில் சமைத்தார், எதைக் கொடுத்து அதை வாங்கினார் என்று கேட்கப் பொறுமை வேண்டும். புலனக் காணொளி அந்தப் பொறுமையைத்தான் முதலில் தின்கிறது.

கடாரங்கொண்டான் என்னும் பட்டத்தை என் மாணவர்கள் தூக்கத்திலும் சொல்வார்கள். அந்தக் கடாரமோ எங்கள் பேராக் பள்ளியிலிருந்து நெடுஞ்சாலையில் சில மணி நேரத் தொலைவில் உள்ளது. கல்விச் சுற்றுலாவுக்கு மெர்போக் என்று எழுதிக் கொடுத்தேன். பெற்றோர் கூட்டத்தில் கையுயர்த்தச் சொன்னார்கள். நீர்ப்பூங்கா வென்றது. முதலில் கை உயர்த்தியவர், எனக்கு அக்காணொளியை அனுப்பிய அதே அன்பர்!