கயாக் போட்டியும் நம் பிள்ளைகளும்: தடுப்பதா? ஆயத்தப்படுத்துவதா?



நிபோங் திபால் நீரோடு பிறந்த ஊர். ஊரை ஒட்டிப் பாயும் கிரியான் ஆறு மேற்கே சென்று மலாக்கா நீரிணையில் கலக்கிறது. ஆற்றங்கரை மரங்களில் மின்னும் மின்மினிகளைக் காண வெளியூர்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். வடக்கே பத்து காவானிலிருந்து புறப்படும் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பினாங்குப் பாலம், 2014 முதல் பெருநிலத்தைத் தீவோடு இணைத்து நிற்கிறது. இத்தனை நீருக்கு அருகில் வாழ்ந்தும், நம் தமிழ்ப் பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர்? துடுப்பைக் கையால் தொட்டவர் எத்தனை பேர்? ஆசிரியர்கள் தத்தம் வகுப்பில் கையுயர்த்தச் சொல்லிப் பார்க்கலாம்.

நம் முன்னோர் கடல் கடந்து வந்தவர்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களின் வழிவந்தோர் நம்மில் பலர். ஆனால், தோட்ட வாழ்க்கை நம்மைக் கடலிலிருந்து வெகுதொலைவு விலக்கிவிட்டது. "தண்ணீர்ப் பக்கம் போகாதே" என்பதே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் கேட்டுவரும் ஒரே நீர்ப்பாடம். ஆகவே, பள்ளியிலோ இளைஞர் மன்றத்திலோ கயாக் போட்டி என்ற பேச்சு எழுந்தவுடன் வீட்டில் அச்சம் எழுகிறது. அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். அதற்குக் காரணம் உண்டு.

மறக்கக்கூடாத ஒரு நாள்

2010-ஆம் ஆண்டு சனவரி 17. ஜார்ஜ்டவுனின் மெக்காலம் சாலைக் கடற்பகுதியில், சுங் லிங் உயர்நிலைப்பள்ளியின் டிராகன் படகுக் குழு பயிற்சியில் ஈடுபட்டிருந்தது. படகில் இருந்தவர்கள் 18 பேர். அப்படகு வேறொரு கலத்தில் மோதிக் கவிழ்ந்தது. ஓர் ஆசிரியரும் ஐந்து மாணவர்களும் உயிரிழந்தனர். போட்டி நாளன்று நிகழ்ந்ததன்று அது, பயிற்சியின்போது நிகழ்ந்தது. இன்றும் பினாங்கில் பள்ளிப் படகுப் பயிற்சி என்று யார் சொன்னாலும் அந்த நாள் நினைவுக்கு வராமல் போகாது.

இத்தகைய துயரத்துக்குப் பின் எழும் முதற்குரல் 'நிறுத்திவிடுங்கள்' என்பதே. அது இயல்பான குரல். ஆனால், நிறுத்திவிட்டால் பிள்ளைகள் காக்கப்பட்டுவிடுவார்களா? உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் இறப்புக்கான காரணங்களில் மூழ்குதல் மூன்றாம் இடத்தில் நிற்கிறது. இவர்களெல்லாம் படகுப் போட்டிக்குப் போனவர்களா? இல்லை. குளத்திலும் ஆற்றிலும் குட்டையிலும், பெரியவர் துணையின்றி, நீரைப் பற்றி ஏதுமறியாமல் இறங்கிய பிள்ளைகளும் அவர்களில் உண்டு. பள்ளி மூடிய கதவு பிள்ளையை ஆற்றங்கரையிலிருந்து தடுத்து நிறுத்தாது. அவன் நண்பர்களோடு போவான். அப்போது மிதவை அங்கியும் இராது, ஆசிரியரும் இரார்.

எனவே, என் கருத்து இதுதான்: நீரைத் தடுப்பது பாதுகாப்பு ஆகாது, ஆயத்தமே பாதுகாப்பு. அந்த ஆயத்தம் இல்லாத இடத்தில் போட்டியை நடத்தாமல் விடும் துணிவும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே.

போட்டி எதற்கு?

'பயிற்சி போதுமே, போட்டி எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். 1899-இல் சரவாக்கின் மருடியில் சார்லஸ் ஹோஸ் என்னும் அதிகாரி, பகைமை பாராட்டி வந்த இனக்குழுக்களை ஒன்றுகூட்டிப் படகுப் போட்டி நடத்தினார். சண்டையில் காட்டிய வேகத்தை அவர்கள் துடுப்பில் காட்டினர். 'பாராம் ரெகாட்டா' என்று அப்போட்டியின் பெயர் இன்றும் வழங்குகிறது. பினாங்கிலும் 1979-இல் அனைத்துலக டிராகன் படகுப் போட்டி தொடங்கியது. போட்டி என்பது பிள்ளைக்கு ஒரு நாளைக் குறித்துக் கொடுக்கிறது. அந்த நாளுக்காக அவன் பல மாதங்கள் உழைக்கிறான். பிற இனப் பிள்ளைகளோடு தோளோடு தோள் நின்று பழகுகிறான். நால்வகைச் சுவர்களுக்குள் இதைக் கற்பிக்க இயலாது.

வள்ளுவர் காட்டும் மூன்று அதிகாரங்கள்

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசனுக்குச் சொல்லப்பட்டவை அவை. ஆயினும், திறந்த நீர்ப்பரப்பில் கயாக் போட்டி நடத்துவோருக்கு இவற்றினும் சிறந்த தலைப்புகள் கிடைக்கமாட்டா.

முதலாவது, வலியறிதல். புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் வேகத்தில் செல்வார். எதிரே மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் நீரோட்டம் இருந்தால், ஒரு மணி நேரம் துடுப்பு வலித்தாலும் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் நகர முடியாது. களைத்தபின் அதுவும் இல்லை. ஆகவே, போட்டித் தொலைவை முடிவு செய்யும்போது முதலில் வருபவனை எண்ணக்கூடாது. கடைசியாக வருபவனை எண்ண வேண்டும். மேலும், கவிழ்ந்த கயாக்கில் மீண்டும் ஏறத் தெரியாதவர் போட்டிக்குத் தகுதியானவர் அல்லர். ஆழமற்ற அமைதியான நீரில், பயிற்றுநர் அருகிலிருக்க, வேண்டுமென்றே கவிழ்ந்து, கயாக்கை விடாமல் பற்றிக்கொண்டு மீண்டும் ஏறிக் காட்ட வேண்டும். இதைச் செய்து காட்டியவருக்கே போட்டி எண் வழங்க வேண்டும்.

இரண்டாவது, காலமறிதல். நம் கரையில் நாளொன்றுக்கு இருமுறை கடல் ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. மீனவர்கள் ஆயர் பாசாங், ஆயர் சூருட் என்று வழங்குவது இதையே. இந்த ஏற்ற நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அப்படியானால் ஏழு நாளில் ஏறத்தாழ ஆறு மணி நேரம்! சென்ற ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கடல் நிறைந்திருந்ததைப் பார்த்து வந்து, 'இடம் நன்றாக இருக்கிறது, அடுத்த ஞாயிறு இதே நேரத்தில் போட்டி' என்று அறிவித்தால், அன்று சேறுதான் வரவேற்கும். அல்லது, வற்றும் நீர் ஆற்றுமுகத்திலிருந்து பிள்ளைகளைக் கடலுக்குள் இழுக்கும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் இவ்விழுப்பு இன்னும் வலுவாக இருக்கும். ஆகவே, போட்டி நாளைப் பள்ளி நாள்காட்டியைப் பார்த்து மட்டும் குறிக்கக்கூடாது. கடல் ஏற்ற அட்டவணையையும் பார்த்துக் குறிக்க வேண்டும்.

காற்றையும் அறிய வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான காலத்தில், சுமத்ராப் பக்கமிருந்து நீரிணையைக் கடந்து வரும் திடீர்ப் புயற்காற்று, விடியற்காலையிலும் காலையிலும் இடி மழையோடு நம் மேற்குக் கரையைத் தாக்குவதுண்டு. காலை நேரம் என்றாலே கடல் அமைதி என்று எண்ணிவிடலாகாது. முதல்நாள் மாலையிலும் போட்டி நாள் காலையிலும் வானிலை ஆய்வுத் துறையின் கடல் முன்னறிவிப்பைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாவது, இடனறிதல். முதலையையும் கடலோடும் மரக்கலத்தையும் இவ்வதிகாரத்தில் வள்ளுவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். ஒன்றுக்கு உரிய இடம் மற்றொன்றுக்கு உரியதன்று. படகுகளும் இழுவைக் கலங்களும் மீன்பிடி வலைகளும் உள்ள நீர்ப்பரப்பு, பிள்ளைகளுக்குரிய இடம் அன்று. பினாங்கு டிராகன் படகுப் போட்டி பல ஆண்டுகள் தெலுக் பஹாங் நீர்த்தேக்கத்தில் நடத்தப்பட்டதையும் நாம் எண்ணிப் பார்க்கலாம். அங்கே ஏற்றவற்றம் இல்லை, கப்பல் இல்லை.

கடிதம் மிதக்காது

இனி, பொறுப்பைப் பற்றி ஒரு சொல். இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் 1993-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் நடந்ததை ஒவ்வோர் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும். பிளிமத் நகரப் பள்ளியொன்றின் எட்டு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இரண்டு பயிற்றுநர்களோடு கயாக்கில் கடலுக்குள் சென்றனர். ஆசிரியரின் கயாக் கவிழ்ந்தது. ஒரு பயிற்றுநர் அவரோடு நின்றுவிட, மற்றவர்கள் காற்றாலும் அலையாலும் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டனர். நண்பகலில் கரை திரும்பியிருக்க வேண்டியவர்களைக் காணோம் என்ற தகவல் கடலோரக் காவல்படைக்கு மணிக்கணக்கில் தாமதமாகவே சென்றது. நான்கு மாணவர்கள் இறந்தனர். அந்நிலையத்தில் பாதுகாப்புப் போதாது என்று, அங்கே பணியாற்றிய பயிற்றுநர்களே முந்தைய ஆண்டு கடிதம் எழுதி எச்சரித்திருந்தனர் என்பது பின்னர் வெளிவந்தது. 1994-இல் அந்நிறுவனமும் அதன் நிருவாகியும் உயிர்ப்பலிக்குப் பொறுப்பானவர்கள் என்று தீர்ப்பாயிற்று. 1995-இல் இளையோர் வெளிப்புற நடவடிக்கை நிலையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டமே அங்கே பிறந்தது.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? அலை பெரிதாக இருந்தது என்பது மட்டும் அன்று. எச்சரிக்கை வந்தும் கேட்பார் இல்லை. நேரம் கடந்தும் கேட்பார் இல்லை. நம் நாட்டில் வழக்கமாக என்ன செய்கிறோம்? 'எவ்வித அசம்பாவிதத்துக்கும் ஏற்பாட்டாளர் பொறுப்பல்ல' என்று ஒரு தாள் அடித்துப் பெற்றோரிடம் கையொப்பம் வாங்கிக் கோப்பில் வைக்கிறோம். அத்துடன் ஆயத்தம் முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். ஒப்புதல் கடிதம் வேண்டியதுதான். ஆனால், அந்தக் கடிதம் நீரில் மிதக்காது, ஐயா! மிதப்பது மிதவை அங்கி. காப்பது மீட்புப்படகு.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

பெற்றோர்களே, 'என்ன பரிசு? சான்றிதழ் உண்டா?' என்று கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஆசிரியர் அதைக் குறையாக எண்ணலாகாது.

1. என் பிள்ளையின் அளவுக்குப் பொருந்தும் மிதவை அங்கி உண்டா? கரையிலேயே அணிவித்து, வார்களை இறுக்கிச் சரிபார்ப்பவர் யார்?

2. மீட்புப்படகுகள் எத்தனை? கடைசிக் கயாக்குக்குப் பின்னால் ஒரு படகு வருமா?

3. நீரில் இறங்கியவர் எத்தனை பேர், கரையேறியவர் எத்தனை பேர் என்று பெயர்ப்பட்டியலோடு எண்ணுபவர் யார்?

4. குறித்த நேரத்தில் திரும்பாதவரைத் தேட எத்தனை நிமிடத்தில் தகவல் கொடுப்பீர்கள்? யாருக்கு? கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்கும் தீயணைப்பு மீட்புத் துறைக்கும் முன்னரே அறிவித்தாயிற்றா?

5. காற்று மாறினால் போட்டியை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது?

ஐந்தாம் கேள்வியே தலையாயது. பிரமுகர் வந்து அமர்ந்துவிட்டார், பதாகை கட்டியாயிற்று, உணவு சமைத்தாயிற்று என்பதற்காகப் போட்டியைத் தொடங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பாதுகாப்புப் பொறுப்பாளர் 'வேண்டாம்' என்றால், ஏற்பாட்டுக் குழுத் தலைவரும் சிறப்பு விருந்தினரும் கட்டுப்பட வேண்டும். இதை எழுத்தில் முன்னரே வைத்துவிட்டால் அன்றைக்கு யாருக்கும் மனத்தாங்கல் இராது.

தமிழ்ப்பள்ளியின் பங்கு

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்கள். அவர்களைத் திறந்த கடலில் போட்டியிட அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது வளர்ந்தோருக்கும் பயிற்சி முற்றிய இடைநிலைப்பள்ளி மாணவருக்கும் உரியது. தமிழ்ப்பள்ளியின் பங்கு முதற்படியைக் கட்டுவது. நான்காம் ஆண்டில் நீச்சல். ஐந்தாம் ஆண்டில் குளத்தில் கயாக். ஆறாம் ஆண்டில் நீரோட்டமற்ற மூடிய நீர்ப்பரப்பில் குறுந்தொலைவுப் போட்டி. பெற்றோர் ஆசிரியர் சங்கம் துணைநின்றால் இது இயலாததன்று. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபின், 'தேர்வு இருக்கிறதே' என்ற பழைய காரணமும் போய்விட்டது.

1994-இல் சென்னையைச் சேர்ந்த குற்றாலீசுவரன் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. நம் ஆறாம் ஆண்டு மாணவனின் வயது! அந்தத் தமிழ்ப் பிள்ளையின் பின்னே நெடுநாள் பயிற்சி இருந்தது. அருகே துணைப்படகு இருந்தது. 'முடியும்' என்று நம்பிய பெற்றோர் இருந்தனர். மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அவர் கடலில் இறங்கியிருக்கக்கூடாது. மூன்றும் இருந்ததால் இறங்கினார்.

நம் பிள்ளைகளுக்கும் இம்மூன்றையும் கொடுப்போம். கொடுக்க இயலாத நாளில், 'இன்று வேண்டாம்' என்று சொல்லிக் கயாக்குகளைக் கரையேற்றி வைப்போம். அன்று வெறுங்கையோடு வீடு திரும்பும் பிள்ளை அடுத்த போட்டிக்கு வருவான்.

சிந்திப்போம், செயற்படுவோம்.