அடுப்பு அவளுக்கு, எஞ்சின் அவனுக்கு

பழைய பொம்மை நீராவி எஞ்சின்களைப் பழுதுபார்த்து மீண்டும் ஓடவைப்பது ஐரோப்பாவில் ஆண்களின் பொழுதுபோக்காகவே அறியப்படுகிறது. பெண்களுக்கு இதில் ஆர்வம் இல்லை என்பார்கள். அந்த ஆர்வமின்மை எங்கே தயாரிக்கப்பட்டது என்று மட்டும் கேட்கமாட்டார்கள்.

அது பொம்மைப் பட்டறையிலேயே தயாரானது. ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் தகர வேலைக்காரர் தியோடர் மார்க்லின் 1859இல் தொடங்கிய தொழிலைப் பாருங்கள். முதலில் செய்தவை பொம்மை வீட்டுச் சமையல் சாமான்கள். அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றவர் மனைவி கரோலின். 1866இல் கணவர் இறந்த பிறகும் தொழிலை விடாமல் காத்தவர் அவர்தான். பின்னாளில் அந்த நிறுவனம் பொம்மை ரயில்களால் உலகப் புகழ் பெற்றது. நீராவி எஞ்சின்களும் செய்தது.

அக்காலத்து ஜெர்மன் பொம்மைத் தொழிலில் சிறுமிக்கு ஸ்பிரிட் விளக்கில் எரியும் குட்டி அடுப்பு, சிறுவனுக்கு ஸ்பிரிட் விளக்கில் ஓடும் குட்டி எஞ்சின். அதே தகரம், அதே நெருப்பு, அதே தண்ணீர். அவளுடைய நீராவி சோறு வேகவைக்க வேண்டும். அவனுடையது சக்கரம் சுற்ற வேண்டும். அவளுக்குக் கடமையைப் பழக்கினார்கள். அவனுக்கு 'ஏன், எப்படி' என்ற கேள்வியைக் கொடுத்தார்கள்.

இன்று அந்த எஞ்சினைச் சீரமைக்க என்ன தெரிய வேண்டும்? கொதிகலனில் படிந்த சுண்ணாம்பை வினிகரில் ஊறவைத்துக் கரைக்க வேண்டும். இறுகிய பிஸ்டனை எண்ணெய் விட்டுத் தளர்த்த வேண்டும். நைந்த வாஷரை மாற்ற வேண்டும். பாதுகாப்பு வால்வின் ஸ்பிரிங் சரியான அழுத்தத்தில் திறக்கிறதா என்று சோதிக்க வேண்டும். தண்ணீர் வற்றவிடக் கூடாது. விட்டால் ஈயப்பற்று உருகி மூட்டு பிரிந்துவிடும்.

குக்கரின் கேஸ்கட்டையும் வெயிட்டையும் தினமும் கையாளும், பித்தளைக் குடத்தைப் புளிபோட்டுத் துலக்கும் பெண்ணுக்கு இவற்றில் எது புதிது? அவன் செய்தால் மறுசீரமைப்பு. அவள் செய்தால் வீட்டுவேலை.

ஆனால் 'சமையலறையே பெண்ணின் ஆய்வுக்கூடம்' என்ற புகழ்ச்சியோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. அவளை அங்கேயே நிறுத்திவைக்கும் புகழ்ச்சி அது. வெயிட்டைப் போடத் தெரிந்தவளுக்கு வால்வைக் கழற்றிப் பார்க்கும் உரிமையும் வேண்டும். கடைசல் எந்திரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் வேண்டும். ஞாயிறு மதியம் முழுக்க ஒருவர் ஒரு சிலிண்டரோடு உட்கார்ந்திருக்க முடிகிறதென்றால், அந்த நேரத்தில் பாத்திரம் துலக்குவது யார்?

இங்கிலாந்தின் செர்ரி ஹில் நீராவி வாகனங்களின் நுண்ணிய மாதிரிகளைத் தன் கையாலேயே செய்தவர். மாதிரிப் பொறியியல் கண்காட்சியில் எடின்பரோ கோமகன் கோப்பையை ஒன்பது முறை வென்றவர். அவரை 'விதிவிலக்கு' என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அவர் தந்தையின் பட்டறையில் பழகி வளர்ந்தவர். திறமை அவருடையது, ஆனால் அந்தப் பட்டறைக் கதவு அவருக்குத் திறந்திருந்தது. எத்தனை சிறுமிகளுக்கு அப்படித் திறந்திருக்கிறது?

ஆகவே, ஓடாத எஞ்சின் ஒன்றையும் ஒரு ஸ்பேனரையும் மகளின் கையில் கொடுங்கள். அவள் கழற்றட்டும், கையில் கரி படியட்டும். நெருப்பு வைக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். அந்த மதியம் வேறு யாராவது பாத்திரம் துலக்கட்டும்.