தேன் தோய்ந்த ஸ்பானியப் பக்ஷணம்

ஸ்பெயின் தேசத்துப் பக்ஷணம் என்றதும் நம்மவரில் பலருக்கு இன்று நினைவுக்கு வருவது 'சுரோஸ்' ஒன்றுதான். முறுக்குக் குழலில் பிழிந்தாற்போல் நீள நீளமாகப் பொரித்து, சாக்லேட் குழம்புடன் அதைப் பரிமாறும் கடைகள் நம் பட்டணங்களிலும் வந்துவிட்டன. ஆனால் அத்தேசத்தின் தென்பாகமாகிய ஆண்டலூஸியாவில், கிறிஸ்துமஸுக்கும், ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்துக்கும் வீட்டு ஸ்திரீகள் வாணலியை அடுப்பில் ஏற்றுவது வேறொரு பலகாரத்துக்காக. 'பெஸ்டீன்யோ' என்பது அதன் பெயர். இவ்வாரம் நாம் நேயர்களுக்கு அறிமுகம் செய்து வைக்க விரும்புவது அதனைத்தான்.

சாமான்கள் அதிகமில்லை. கோதுமை மாவு 500 கிராம், ஆலிவ் எண்ணெய் 150 மில்லி, வெள்ளைத் திராட்சை மது 150 மில்லி, வறுத்த எள் இரண்டு மேஜைக்கரண்டி, அனிஸ் விதை ஒரு மேஜைக்கரண்டி, இலவங்கப்பட்டைப் பொடி ஒரு தேக்கரண்டி, ஓர் ஆரஞ்சுப் பழத்தின் தோல், உப்பு ஒரு சிட்டிகை, தேன் 250 கிராம். மதுவைத் தொடாத குடும்பத்தார் அதற்குப் பதிலாக ஆரஞ்சுச் சாறு விடலாம், பலகாரம் கெடாது. அனிஸ் விதை நமது சோம்புக்கு உறவினம். அது அகப்படாதவிடத்துச் சோம்பே போதும்.

முதலில் ஆலிவ் எண்ணெயை மிதமாகக் காயவைத்து, ஆரஞ்சுத் தோலை அதில் இட்டு, அது சிவந்ததும் எடுத்து எறிந்துவிட வேண்டும். பிறகு அடுப்பிலிருந்து இறக்கிய எண்ணெயிலேதான் அனிஸ் விதையைப் போட வேண்டும். அடுப்பின்மேல் இருக்கையில் போட்டால் அது கருகிக் கசக்கும். எண்ணெய் நன்றாக ஆறியபின் எள், பட்டைப் பொடி, உப்பு, மது ஆகியவற்றைச் சேர்த்து, மாவைச் சிறிது சிறிதாகக் கொட்டிப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வைத்திருக்க வேண்டும். இந்த ஓய்வு கொடாவிட்டால், இடும்போது மாவு பின்னுக்கு இழுத்துக்கொண்டு நம்முடன் மல்லுக்கு நிற்கும்.

பிறகு குழவியால் மெல்லியதாக இட்டு, இரண்டரை அங்குலச் சதுரங்களாக வெட்டி, எதிரெதிரான இரு முனைகளை நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, விரலில் ஒரு சொட்டு நீர் தொட்டு அழுத்திவிட வேண்டும். அழுத்தம் போதாவிடில் எண்ணெயில் விழுந்ததும் பிரிந்துவிடும். நீர் அதிகமானாலோ எண்ணெய் தெறிக்கும். மிதமான சூட்டில் பொன்னிறமாகப் பொரிப்பது அவசியம். சூடு மிகுந்தால் வெளிப்புறம் கறுத்து, மடிப்பின் உட்புறம் வேகாமல் நிற்கும். பொரிப்பதற்கு ஆலிவ் எண்ணெய் கட்டுப்படியாகாதவர்கள் வேறு எண்ணெய் உபயோகிக்கலாம். ஸ்பெயினிலேயே பலர் சூரியகாந்தி எண்ணெயில் பொரிக்கிறார்கள். கடைசியாக, தேனில் சிறிது நீர் விட்டு இளஞ்சூடாக்கி, ஒவ்வொன்றையும் அதில் தோய்த்து எடுத்துத் தட்டில் அடுக்கினால் வேலை முடிந்தது.

அடுப்பு வேலை முடிந்தது. ஆனால் கதை முடியவில்லை. இச்சாமான்களின் பெயர்களை ஸ்பானியர் சொல்லக் கேட்டால் ஒரு விஷயம் விளங்கும். எண்ணெய்க்கு 'அஸெய்டே'; எள்ளுக்கு 'அஹோன்ஹோலி'; அனிஸுக்கு 'மாடலாவுவா' என்றும் ஒரு பெயர். இம்மூன்றும் அரபிச் சொற்களிலிருந்து பிறந்தவை. கடைசிச் சொல்லின் மூலத்துக்கு 'இனிய விதை' என்று பொருள். 711-ம் ஆண்டில் தொடங்கி, 1492-ல் கிரானடா நகரம் வீழும் வரையில், அந்நாட்டின் ஒரு பகுதியையேனும் முஸ்லிம்கள் ஆண்டு வந்தனர் என்பதே இதன் காரணம்.

கிரானடா வீழ்ந்த அதே ஆண்டில் யூதர்கள் நாட்டை விட்டுத் துரத்தப்பட்டார்கள். முஸ்லிம்கள் மதம் மாறும்படி நிர்ப்பந்திக்கப்பட்டார்கள். மாறியவர்களின் அடுப்பங்கரையையும் மத விசாரணை மன்றத்தார் விட்டுவைக்கவில்லை. பன்றிக் கொழுப்பை ஒதுக்கி ஆலிவ் எண்ணெயில் சமைப்பதே பழைய மதத்தை மறைவாகப் பின்பற்றுவதற்கு அடையாளம் என்று சந்தேகிக்கப்பட்ட காலம் அது. இறுதியில் மூன்றாம் பிலிப் மன்னனின் ஆணைப்படி, 1609 முதல் 1614 வரையில், முஸ்லிம் வம்சத்தினர் சுமார் 3 லக்ஷம் பேர் பிறந்த மண்ணை விட்டு வெளியேற்றப்பட்டனர்.

மனிதர்களைக் கப்பலேற்றி அனுப்ப முடிந்தது. எள்ளும் தேனும் சேர்ந்த பலகாரத்தை அனுப்ப முடியவில்லை. பிரான்ஸிஸ்கோ டெலிகாடோ எழுதி 1528-ல் வெனிஸில் வெளியான நூலொன்றில், கோர்டோவா நகரத்துக் கதாநாயகி பாட்டியிடம் கற்ற பண்டங்களை வரிசையாகச் சொல்லும்போது பெஸ்டீன்யோவும் அதில் வருகிறது. இன்று அதைக் கன்னிமாடத்துக் கிறிஸ்தவத் துறவினிகளும் செய்து விற்கிறார்கள். கடலுக்கு அக்கரையில் மொராக்கோ நாட்டு முஸ்லிம்களோ, அதே எள், அனிஸ், தேன் கொண்டு 'ஷெபாகியா' என்ற பலகாரத்தைச் செய்து ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கிறார்கள். ஒருவருக்கொருவர் அந்நியராகிவிட்ட இரு சாராரும், தத்தம் புண்ணிய நாளில், ஏறக்குறைய ஒரே பண்டத்தை வாயிலிட்டு மகிழ்கின்றனர்!

இத்தொடர்பு நம் தேசம் வரை நீளுகிறது. சர்க்கரைக்கு ஸ்பானியர் சொல்லும் 'அஸூகார்', அரபியும் பாரசீகமும் வழியாகச் சென்ற நம் 'சர்க்கரா'வே. ஆரஞ்சுக்கு அவர்கள் சொல்லும் 'நராங்ஹா', 'நாரங்கம்' என்ற சொல்லின் வழி வந்தது. அதன் வேர் நாரத்தையின் பெயரைப் போலத் திராவிட மொழிகளில் இருக்கக்கூடும் என்பது பாஷா நிபுணர் பலரின் கருத்து. எனவே நம் சகோதரிகள் இதை அந்நியப் பண்டம் என்று கூச வேண்டியதில்லை. 'இவர்கள் நம்மவர் அல்லர்' என்று ஒரு கூட்டத்தாரைச் சுட்டிப் பேசுவோர் எத்தேசத்திலும் உண்டு. அப்படிப் பேசுவோர் வீட்டுப் பண்டிகைத் தட்டை ஒருமுறை உற்றுப் பார்ப்பது நன்று. அதில் யார் யாருடைய கைவண்ணம் சேர்ந்திருக்கிறது என்பதைத் தட்டே சொல்லிவிடும்.

காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் பெஸ்டீன்யோ சில நாட்கள் கெடாமல் இருக்கும். வீட்டில் குழந்தைகள் உள்ள நேயர்களுக்கு அந்த டப்பாவினால் அதிகப் பிரயோஜனம் இராது என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறோம்.